போரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் யார் பாதுகாப்பு?

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊருக்குப் 'பாதுகாப்புப் பகுதி' என்று பெயர் சூட்டிவிட்டால், அங்கே வாழ்பவர்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா? விடை தெரிய வேண்டுமானால் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரத்தைப் பாருங்கள்.

செர்பியப் படைகள் அந்த ஊரை முற்றுகையிட்டிருந்தன. அதை யாரும் தாக்கக் கூடாது என்று 1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் சரயேவோ உட்பட மேலும் ஐந்து ஊர்கள் பட்டியலில் சேர்ந்தன. இந்த ஊர்களைக் காக்கச் சுமார் 34,000 வீரர்கள் தேவை என்று ஐ.நா. தரப்பு கணக்கிட்டது. வல்லரசுகள் சம்மதித்ததோ சுமார் 7,600 பேருக்கு! தீர்மானத்திற்குக் கை தூக்கத் தயங்காதவர்கள், ஆள் அனுப்பத் தயங்கினார்கள்.

விளைவு என்ன? 1995 ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் பொட்டோச்சாரியிலிருந்த ஐ.நா.வின் டச்சுப் படை முகாமை நோக்கி ஓடினார்கள். நீலத் தொப்பிக்காரர்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்பினார்கள். ஆனால் அந்த வீரர்களின் கண்ணெதிரிலேயே தாயிடமிருந்து மகனையும், மனைவியிடமிருந்து கணவனையும் பிரித்தார்கள். பெண்களையும் சிறு குழந்தைகளையும் பேருந்துகளில் ஏற்றி ஊரைவிட்டே விரட்டினார்கள். காட்டு வழியே தப்பியோடிய ஆண்களில் பலரும் பிடிபட்டார்கள். சில நாட்களுக்குள் ஆண்களும் சிறுவர்களுமாக 8,000க்கும் அதிகமானோர் கொன்று குவிக்கப்பட்டார்கள்.

கொடுமை அத்தோடு முடியவில்லை. குற்றத்தை மறைக்க, புதைத்த உடல்களை இயந்திரங்களால் தோண்டியெடுத்து வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறின. மரபணுச் சோதனை மூலம் ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் தெரிந்தவர்களுக்கு ஜனாஸா தொழுது அடக்கம் செய்கிறார்கள். மகனின் ஒரு சில எலும்புகளை அடக்கம் செய்யப் பல்லாண்டு காத்திருந்த தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

அழுததோடு நின்றுவிடவில்லை

ஆனால் அந்தத் தாய்மார்கள் மூலையில் முடங்கிவிடவில்லை. மாதந்தோறும் 11ஆம் தேதி துஸ்லா நகர வீதியில், காணாமல் போனவர்களின் பெயர்களைத் தாங்கி நடந்தார்கள். டச்சு அரசின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். முகாமுக்குள்ளிருந்து வெளியே அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்களின் சாவில் தன் அரசுக்கும் ஓரளவு பொறுப்பு உண்டு என்று 2019இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஃபோச்சா நகரத்துப் பெண்களையும் நாம் மறக்கக் கூடாது. 1992இல் அவர்கள் வீடுகளிலும் விளையாட்டு அரங்கிலும் அடைக்கப்பட்டுச் சீரழிக்கப்பட்டார்கள். அவர்களில் 12 வயதுச் சிறுமியும் இருந்தாள். "போரென்றால் இதெல்லாம் சகஜம்" என்று உலகம் காலங்காலமாகச் சொல்லி வந்த அந்தக் கொடுமையை அவர்கள் ஹேக் நகர நீதிமன்றத்தில், குற்றவாளிகளின் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார்கள். 2001 பிப்ரவரி 22 அன்று மூவருக்கு 28, 20, 12 ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைத்தது. பெண்ணைப் பாலியல் அடிமையாக வைத்திருப்பது மனித குலத்திற்கெதிரான குற்றம் என்று தீர்ப்பாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2000 அக்டோபரில், போரில் பெண்களைக் காப்பதும் சமாதானப் பேச்சில் அவர்களுக்கு இடம் தருவதும் அவசியம் என்று ஐ.நா.வின் 1325ஆம் தீர்மானம் ஏற்றுக்கொண்டது.

நம்மவர் செய்தாலும்...

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். செலெபிச்சி என்ற முகாமில் செர்பியர்களை அடைத்து வைத்திருந்தவர்கள் போஸ்னிய முஸ்லிம்களும் குரோஷியர்களும்தான். அங்கே செர்பியப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். 1998 நவம்பரில் அதே ஹேக் நீதிமன்றம் அக்குற்றத்தைச் சித்திரவதை என்று அறிவித்து, முஸ்லிம் அதிகாரியைத் தண்டித்தது. ஃபோச்சாவின் தீர்ப்பை வரவேற்கும் நாம் இந்தத் தீர்ப்பையும் வரவேற்கத்தான் வேண்டும். பாதிக்கப்பட்டவள் எந்த மதம் என்று பார்த்து நீதி கேட்டால், நாளை நமக்காகக் குரல் கொடுக்க யார் வருவார்?

நாம் கேட்க வேண்டியது

தாக்குதல் நின்றதும் உரிமை தானாக வந்துவிடாது. சீரழிக்கப்பட்ட பெண்களைப் போரால் பாதிக்கப்பட்டவர்கள் என்று போஸ்னியக் கூட்டமைப்புப் பகுதியின் சட்டம் தனியே அங்கீகரித்தது 2006இல்தான். அக்கொடுமையால் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே சட்டத்தில் இடம் கிடைத்தது 2023இல்! பிறந்த குழந்தை முப்பது வயதை எட்டும்வரை காத்திருக்க வேண்டுமா?

2023க்குப் பிறகு காஸாவிலும் சூடானிலும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்திகளை நாம் கண்ணீரோடு படித்தோம். கண்ணீர் மட்டும் போதாது, சகோதரிகளே! பாதுகாப்பு என்று அறிவிப்பவர்களிடம், "எத்தனை பேரை அனுப்பினீர்கள்? என்ன அதிகாரம் கொடுத்தீர்கள்?" என்று கேட்போம். சாட்சி சொல்லும் பெண்ணுக்குக் காவலும், மருத்துவமும், வாழ வழியும் கொடுங்கள் என்று கேட்போம். அந்தப் பெண்ணைக் களங்கப்பட்டவள் என்று ஒதுக்காமல் நம் வீட்டு மகளாக மதிப்போம்.

ஸ்ரெப்ரெனிட்சாவைத் தீர்மானம் காப்பாற்றவில்லை. ஆனால் அங்கே நடந்ததை உலகம் மறுக்க முடியாதபடி செய்தவர்கள் அந்தத் தாய்மார்கள். இதை ஒருபோதும் மறந்துவிடாதீர்கள்!