வெளிர் நிறத்துக்குக் கிடைக்காத மதிப்பெண்

ஆஸ்திரேலிய ஒயின் என்றால் ஷிராஸ் என்றே உலகம் பழகிவிட்டது. மறுபக்கம் தெரியாத கருஞ்சிவப்பு, நன்கு கனிந்த பழத்தின் மணம், வாயை நிறைக்கும் கனம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நாட்டில் அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சையும் அதுதான். 1832ல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்த கொடிகள் பிரான்சிலும் ஸ்பெயினிலும் திரட்டப்பட்டவை. அங்கே வேரூன்றிய திராட்சைத் தொழிலின் ரசனையும் அந்த வழியிலேயே வளர்ந்தது. இத்தாலிய ரகங்கள் வெகு தாமதமாக, கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்தான் அங்கே காலூன்றின. சான்ஜொவேஸே, நெபியோலோ, பர்பேரா, நேரோ தாவோலா, ஃபியானோ, வெர்மென்டினோ என்று இன்று ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது. ஆனாலும் இவற்றைச் சுவைத்து எடைபோடுகிறவர்கள் பலர் ஷிராஸுக்காகச் செய்த தராசையே இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இத்தாலியிலிருந்து கடன் வாங்கிய இன்னொரு தராசு. இரண்டுமே இந்த ஒயின்களுக்கு நியாயம் செய்வதில்லை என்பதுதான் இன்றைய உரையில் நான் வைக்கும் வாதம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூ சவுத் வேல்ஸின் மட்ஜீ பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய இரண்டு பொறியாளர்கள் 1970களில் மான்ட்ரோஸ் என்ற ஒயின் ஆலையைத் தொடங்கினார்கள். அங்கே ஒயின் செய்ய வந்த கார்லோ கொரினோ சான்ஜொவேஸே, நெபியோலோ, பர்பேரா மூன்றையும் பயிரிட வைத்தார். விக்டோரியாவின் கிங் வேலியில் கதை வேறு. அங்கே இத்தாலியக் குடும்பங்கள் முதலில் பயிரிட்டது புகையிலை. புகையிலைக்குக் காலம் முடிந்துவருவதைக் கண்டு, பிட்சினி, தால் சோட்டோ போன்ற குடும்பங்கள் அதே நிலத்தில் திராட்சைக் கொடியை நட்டன. தெற்கு ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேலில் கொரியோல் பண்ணை 1985ல் சான்ஜொவேஸேயைப் பயிரிட்டது. மரி ஆற்றங்கரையில் நாற்றுப்பண்ணை நடத்திய சால்மர்ஸ் குடும்பம் இத்தாலியிலிருந்து ஏராளமான ரகங்களையும் குளோன்களையும் (ஒரே தாய்க்கொடியின் நகல்களையும்) முறைப்படி இறக்குமதி செய்து நாடெங்கும் பரப்பியது. இந்த நான்கு முயற்சிகளையும் விட்டுவிட்டு இன்றைய நிலையைப் பேச முடியாது.

இப்போது தராசுக்கு வருவோம். ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் இருந்தது 20 புள்ளி முறை. நிறத்துக்கும் தெளிவுக்கும் 3, மணத்துக்கு 7, வாயில் தரும் சுவைக்கு 10. மூன்று புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அந்த முறையில் 18.5 வாங்கினால் தங்கம், 17 என்றால் வெள்ளி. இடைவெளி வெறும் ஒன்றரைப் புள்ளி. நிறத்தில் ஒரு புள்ளி போனாலே ஒரு ஒயினின் தலையெழுத்து மாறிவிடும். நெபியோலோ பிறவியிலேயே வெளிர். அதன் தோலில் உள்ள நிறமிகளில் பெரும்பகுதி எளிதில் சிதையும் வகையைச் சேர்ந்தவை. சில ஆண்டுகளிலேயே கோப்பையின் விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். சான்ஜொவேஸேயும் நிறத்தில் பணக்காரன் அல்ல. அடர்த்தியே தரம் என்று பழகிய கண்ணுக்கு இவை முதல் பார்வையிலேயே மெலிந்தவையாகத் தெரியும். கண் செய்த முடிவு புள்ளியோடு நிற்பதில்லை, மூக்கையும் நாக்கையும் இழுத்துக்கொண்டு போகும். பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். பிறகு அதே ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய மணங்களை அவர்கள் அதில் கண்டார்கள். 2001ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, பயிற்சி பெற்றவர்களின் மூக்கும் கண்ணுக்குக் கட்டுப்பட்டது என்பதைத்தான். அப்படியிருக்க, வெளிர் நிறத்தைப் பார்த்ததுமே இது நீர்த்த ஒயின் என்று மனம் எழுதிவைத்த தீர்ப்பை நாக்கு மாற்றி எழுதும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

துவர்ப்பின் கதி இன்னும் மோசம். சிவப்பு ஒயினின் துவர்ப்புப் பொருள்களான டானின்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. வாயின் வழுவழுப்பு போய், ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகும். பச்சைப் பாக்கைக் கடித்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். முக்கியமான விஷயம், துவர்ப்பு ஒரு மிடறோடு முடிவதில்லை. எச்சில் மீண்டும் ஊறுவதற்குள் அடுத்த மிடறு போனால் அது ஏறிக்கொண்டே போகும். போட்டி நடுவர்கள் ஒரு காலை வேளையில் டஜன் கணக்கில் கோப்பைகளைச் சுவைத்துத் துப்புகிறார்கள். இருபதாவது கோப்பையாக நெபியோலோ வந்தால் அதற்கு முன் வந்த பத்தொன்பதின் துவர்ப்பையும் சேர்த்து அதன் தலையில் கட்டுகிறோம். மென்மையான, சற்றே இனிப்பு மிஞ்சிய ஒயின் அதே வரிசையில் ஆறுதலாகத் தோன்றிப் பதக்கம் வாங்கிப் போகும். இத்தாலிய ரகங்களில் பல, சாப்பாட்டு மேசையில் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவை. புளிப்பும் துவர்ப்பும் அங்கே கொழுப்பையும் புரதத்தையும் சந்திக்கின்றன, டானின் பற்றிக்கொள்ள எச்சிலைத் தவிர வேறு பொருள் கிடைக்கிறது. அந்தச் சந்திப்பே இல்லாத ஒரு சோதனையில் அவற்றை நிறுத்திவிட்டு, கடுமையாக இருக்கிறது என்று எழுதுவது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். கிங் வேலி நெபியோலோ ஒன்று, நான்கைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால் அடியில் இருக்கும் எழுத்தை ஒயினின் ஊடாகப் படிக்க முடியும். முகர்ந்தால் முதலில் உலர்ந்த ரோஜா இதழ், பிறகு செர்ரி, அதற்கடியில் லேசான தார் வாடை. வாயில் விட்டால் பழம் ஒரு கணம்தான் தெரியும், உடனே புளிப்பு பக்கவாட்டில் சுரீரென்று இறங்கும், அதன் பின்னால் துவர்ப்பு ஈறு முழுவதும் பரவும். இத்தோடு நிறுத்தினால் பலர் முகம் சுளிப்பார்கள். இப்போது கொழுப்புள்ள ஆட்டிறைச்சி ஒரு துண்டு, அல்லது நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டி ஒரு துண்டு மென்று, பிறகு அடுத்த மிடறு. துவர்ப்பின் முனை மழுங்கி, முதல் மிடறில் மறைந்துபோன ரோஜாவும் செர்ரியும் நாக்கின் நடுவில் நிற்கும். புளிப்பு வாயிலிருந்த கொழுப்பைத் துடைத்துவிட்டு அடுத்த கவளத்துக்கு இடம் செய்யும். ஒயின் மாறவில்லை, அதற்குரிய சூழலை இப்போதுதான் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக் கூடியது. நெபியோலோ வேண்டுமென்றால் இத்தாலியின் பரோலோ குடிக்கலாமே, சான்ஜொவேஸேக்கு அங்கே கியாந்தி இருக்கிறதே, நகலை ஏன் தேட வேண்டும்? இதில் ஓரளவு உண்மை உண்டு. நெபியோலோவைப் பொறுத்தவரை அதன் தாயகமான பியெட்மான்டின் சிறந்த சரிவுகளுக்கு நிகராக ஆஸ்திரேலியாவில் இன்னும் எதுவும் வரவில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஆரம்பகால ஆஸ்திரேலிய சான்ஜொவேஸேகளின் பலவீனத்தை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுதியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அப்போது அங்கே பெரும்பாலும் நடப்பட்டது கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒரே குளோன், அளவுக்கு மீறிக் காய்க்கும் குணம் உள்ளது. மிகுதியாகக் காய்த்த கொடியில் சாறு நீர்க்கும், துவர்ப்பு முதிராது. அந்தக் குறையைப் புதுப் பீப்பாயின் வெனிலா வாடையால் மூடவும் சிலர் முயன்றார்கள். பின்னர் டஸ்கனியிலிருந்தே தேர்ந்தெடுத்த குளோன்கள் வந்தன, காய்ப்பு குறைக்கப்பட்டது, பெரிய பழைய பீப்பாய்கள் புழக்கத்துக்கு வந்தன. விக்டோரியாவில் ஹீத்கோட்டின் செம்மண்ணிலும் பீச்வொர்த்தின் குளிர்ந்த மேட்டிலும் விளையும் இன்றைய சான்ஜொவேஸே அந்தப் பழைய ஒயினின் உறவினராகக்கூடத் தோன்றாது. இத்தாலிய அசலைப் போல இருக்கிறதா என்ற கேள்வியை விட, இந்தத் திராட்சை இந்த மண்ணில் தன் புளிப்பையும் துவர்ப்பையும் ஒழுங்காக முதிர்த்திருக்கிறதா என்ற கேள்வியே பயன் தரும்.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வெற்றியாளர்கள் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறார்கள். அவர்கள் வட இத்தாலியின் பெரும்புகழ் ரகங்கள் அல்ல, தெற்கின் வெயிலில் வளர்ந்தவை. ஆஸ்திரேலிய ஒயின் திராட்சையில் பாதிக்கும் மேல் விளைவது ரிவர்லேண்ட், மரி டார்லிங், ரிவரினா போன்ற வெப்பமான உள்நாட்டுப் பாசனப் பகுதிகளில். அங்கே பல ரகங்கள் பழுக்கும்போது புளிப்பை இழந்துவிடும், ஆலையில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிக்கட்டுவது வழக்கம். சிசிலியின் நேரோ தாவோலாவும் கம்பானியாவின் ஃபியானோவும் வெயிலிலும் புளிப்பைக் கைவிடாதவை. அதனால் அங்கே திருத்தம் குறைவாகவே தேவைப்படுகிறது. நல்ல ஃபியானோவில் ஹேசல் கொட்டை மணம், தேனின் சாயல், தடித்த தோல் தரும் லேசான பிடிப்பு எல்லாம் இருக்கும், ஆனால் கனம் தட்டாது. வெர்மென்டினோவில் உப்புக்காற்று போன்ற ஒரு முடிவு. 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சிக்குப் பிறகு, வெயிலைத் தாங்கும் இந்த ரகங்களின் மேல் விவசாயிகளுக்கு அக்கறை வந்தது வெறும் மோஸ்தர் அல்ல. இது நாகரிகத்துக்காக நடக்கிறது, பெயர் கவர்ச்சியாக இருப்பதால் விற்கிறது என்று சொல்பவர்கள் அந்த வறட்சி ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. உணவோடு மதிப்பிட்டால் உணவு குறைகளை மறைத்துவிடாதா? ஒயின் வாங்கும்போது ஆப்பிளோடு சுவைத்துப் பார், விற்கும்போது பாலாடைக்கட்டியோடு கொடு என்று ஐரோப்பிய வியாபாரிகளிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டு சுற்று தேவை. முதல் சுற்றில் வெறும் ஒயின். கெட்ட தக்கையின் பூஞ்சை வாடை, காடி நெடி, காற்றுப்பட்டுச் சோர்ந்த பழம் ஆகியவற்றை அங்கேயே பிடித்து ஒதுக்கிவிடலாம். இரண்டாவது சுற்றில் உணவோடு தகுதியைப் பார்க்கலாம். இது சாத்தியமில்லாத ஏற்பாடு அல்ல. ஷிராஸ் வரிசையில் நிற்காமல் இந்த ரகங்கள் தங்களுக்குள் போட்டியிட வேண்டும் என்ற எண்ணத்தில் 1999ல் விக்டோரியாவின் மில்டுராவில், உணவக உரிமையாளரும் சமையல்காரருமான ஸ்டெஃபானோ தே பியேரியும் புரூஸ் சால்மர்ஸும் முன்னின்று சான்ஜொவேஸேக்குத் தனிப் பரிசு தொடங்கினார்கள். அது வளர்ந்து மாற்று ரகங்களுக்கான தேசியப் போட்டியாகிவிட்டது. சமையல்காரர் ஒருவர் அதன் தொடக்கத்தில் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுரைக்கும் ஒயினான ப்ரொசெக்கோவின் பெயர் விவகாரம் தனி. இத்தாலியின் வல்தொப்பியாதெனெயில் பிறந்த ஓட்டோ தால் சோட்டோ 1999ல் கிங் வேலியில் அந்தத் திராட்சையை நட்டபோது ப்ரொசெக்கோ என்பது திராட்சையின் பெயர். 2009ல் இத்தாலி திராட்சைக்குக் கிளேரா என்று பெயரிட்டு, ப்ரொசெக்கோவை ஊர்ப் பெயராகப் பதிவு செய்தது; அந்தப் பெயரை வெளியார் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் வாதம். இத்தாலியத் தரப்பின் கவலை புரிகிறது, பெயரை வளர்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் முன்பே நட்டவரிடம் பின்னால் விதி எழுதிக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சுவைப்பவருக்கு இந்த வழக்கு எந்த வகையிலும் உதவாது. நுரையில் மெல்லிய பேரிக்காய் மணமும் சுத்தமான புளிப்பும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், கிங் வேலியின் நல்ல தயாரிப்புகளில் அது இருக்கிறது.

முடிவாக என் கணிப்பு இது. ஆஸ்திரேலியாவின் இத்தாலிய ரகங்களில் ஃபியானோவும் நேரோ தாவோலாவும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கவை. சான்ஜொவேஸே தயாரிப்பாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. நெபியோலோவில் ஒரு சிலவே தேறும், அந்தச் சிலவும் பொறுமை கேட்பவை. ஒயின் சுவைக்கும் வழக்கம் உள்ள நேயர்கள் அடுத்த முறை ஃபியானோவை உறைகுளிரில் வைக்காமல் 10, 12 டிகிரியிலும், நேரோ தாவோலாவை அறை வெப்பத்தை விடச் சற்றுக் குளிர்ச்சியாகவும் பரிமாறிப் பாருங்கள். பக்கத்தில் சாப்பாடும் இருக்கட்டும். நிறத்துக்கான புள்ளியைக் கடைசியில் போடுங்கள்.