யாருக்கு எந்த வேலை?
(அரசுப் பணி விவரமும் வகைப்பாடும் பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை, ஆயக்குடி)



அரசுப் பணி விவரம் என்ற இந்தப் பொருளைப் பேச ஆயக்குடிக்கு ஏன் போகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். பழநிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரைக் கொய்யாவுக்காக அறிந்தவர்கள் ஒரு பக்கம். இங்கே மரத்தடியில் நடந்துவரும் இலவசப் பயிற்சி வகுப்புக்காக அறிந்தவர்கள் இன்னொரு பக்கம். தேர்வாணையத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆயக்குடி என்றால் இரண்டாவதுதான் முதலில் நினைவுக்கு வரும். அரசு வேலைக்கு இத்தனை பேர் படிக்கும் ஊரில், அந்த வேலை என்ன வேலை என்று கேட்பது முறைதானே?

தொகுதி 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரித் தேர்விலிருந்து கிராம நிர்வாக அலுவலர் பதவியும் இதற்குள் வந்துவிட்டது. 2024 தேர்வில் வனக் காப்பாளரும் சேர்ந்தார். இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண், ஒரே வினாத்தாள். வனத்துறைக்கு உடல் தகுதியும் நடைத் தேர்வும் தனியாக உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் கோப்பு எழுதப்போகிறவர், ஊர் நிலத்துக்குக் கணக்கு வைக்கப்போகிறவர், காட்டுக்குள் சுற்றப்போகிறவர் ஆகிய மூவரையும் எடைபோட அரசிடம் இருப்பது ஒரே தராசு. கலந்தாய்வில் திரையைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பதவியில் காலை பத்து மணிக்கு என்ன வேலை என்று சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்குப் பக்கமா, பதவி உயர்வு சீக்கிரம் வருமா என்ற இரண்டையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் வகைப்பாடு எதை அறியும்? அ, ஆ, இ, ஈ என்ற நான்கு பிரிவுகளை அறியும். ஊதிய நிலையை அறியும். இளநிலை உதவியாளரும் கிராம நிர்வாக அலுவலரும் நிலை 8, தொடக்கம் 19,500 ரூபாய். பணிமூப்பை அணு அணுவாக அறியும். அதற்காக உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடுவோம். இருக்கையில் உட்கார்ந்தவர் என்ன செய்கிறார் என்பதுதான் அதற்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலையைப் பதிந்துவைப்பதில் சென்னை மாகாணம் ஒருகாலத்தில் கைதேர்ந்தது. டாட்டன்ஹாம் என்ற அதிகாரி வகுத்த அலுவலக நடைமுறை இன்றும் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. தபால் வந்தால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், உரிய சீட்டுக்குப் போகும், அந்த எழுத்தரின் தன்பதிவேட்டில் எண் பெறும், முடியும்வரை அந்த எண் அவரை விடாது. ஒரு கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று தன்பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். ஆனால் அது வந்த தாளின் வரலாறு. ஒரே வட்டத்தில் ஒரு சீட்டில் தாள் குவியும், பக்கத்து சீட்டில் ஈ ஓட்டுவார்கள். இருவருக்கும் பதவி ஒன்று, ஊதியம் ஒன்று. காலியான மூன்றாவது சீட்டுக்கும் கூடுதல் பொறுப்பு யார் தலையில் விழும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். வேலை தெரிந்தவர் தலையில்தான் விழும். இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கிராமத்துக்கு வருவோம். கர்ணம், மணியக்காரர் பதவிகள் வாரிசு வழியில் போய்க்கொண்டிருந்தவை. 1895ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காவல் நின்றது. பிறப்பால் பதவி என்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். என்னைக் கேட்டால், விடுதலைக்குப் பிறகு இந்த மாநிலத்தில் நடந்த மிகப் பெரிய பதவிச் சீரமைப்பு அதுதான். 

அந்தச் சீரமைப்பில் ஆள் மாறினார், கணக்குகள் மாறவில்லை. பயிர்க் கணக்கான அடங்கல் அன்றும் கிராமக் கணக்கு எண் 2, இன்றும் அதே எண் 2. ஜூலை முதல் தேதி பசலி ஆண்டு பிறக்கிறது, ஜமாபந்தியில் கணக்கு சரிபார்க்கப்படுகிறது. அதன்மேல் நாற்பது ஆண்டுகளாக அடுக்கிக்கொண்டே வந்தோம்: சாதி வருமானச் சான்றுகளுக்கான விசாரணை, தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம், உதவித்தொகை விண்ணப்பம். எதையும் எடுத்ததாக நினைவில்லை.

2024 இறுதியில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்தது. ஒவ்வொரு உட்பிரிவுக்கும் நேரில் போய், கைப்பேசியில் பயிரைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்தார்கள். கடைசியில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். இந்தத் தகராறை நான் எந்தப் பக்கமும் சாயாமல் படித்துப் பார்த்தேன். பயிராய்வு அவர்கள் கடமைப் பட்டியலில் முதலிலிருந்தே இருக்கிறது என்று அரசுத் தரப்பில் சொல்லலாம், அது உண்மை. வரப்பில் நின்று ஊர்க்காரரிடம் கேட்டு அடங்கலில் எழுதுவதும், உட்பிரிவு உட்பிரிவாக ஏறி இறங்கிப் படம் எடுப்பதும் ஒரே வேலை அல்ல என்று அலுவலர்கள் சொல்லலாம், அதுவும் உண்மை. ‘பயிராய்வு செய்தல்’ என்று இரண்டே சொல் எழுதிய பட்டியல் இந்த வழக்கைத் தீர்க்காது. எத்தனை உட்பிரிவு, எந்தக் கருவி, எத்தனை நாள், துணைக்கு யார் என்று எழுதியிருந்தால் பேச இடம் இருந்திருக்கும். நம் பணி விவரங்கள் கடமையின் பெயரைச் சொல்கின்றன, அளவைச் சொல்வதில்லை. கடைசி வரியாக ‘மேலதிகாரி அவ்வப்போது இடும் ஏனைய பணிகள்’ என்று ஒன்று இருக்கும். மேலே எழுதிய அத்தனையையும் விழுங்குவது அந்த வரிதான்.

சரி, மாற்றி எழுதலாமே என்றால், நம் மாநிலத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே ஊழியர் வயிறு கலங்கும். அதற்கும் நியாயம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் அரசாணை 56இன்படி ஆதிசேஷய்யா குழு அமைந்தது. தேவையற்ற பணியிடங்களைக் கண்டறிவது அதன் வேலை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கக் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் அந்த ஆணையை ரத்து செய்வதும் ஒன்றாக இருந்தது. 2022இல் அரசாணை 115இன்படி மனிதவளச் சீர்திருத்தக் குழு வந்தபோதும் அதே கதை. ஒருவரிடம் “உன் வேலையை எழுதிக் கொடு” என்று கேட்டுவிட்டு, அதே தாளை வைத்து அவர் பணியிடத்தை வெட்டுவோம் என்றால் அவர் என்ன எழுதுவார்? பத்து நிமிட வேலையைப் பத்துப் பக்கம் எழுதுவார். ஆகவே என் முதல் வேண்டுகோள்: பணி விவரம் எழுதும் வேலையையும் ஆட்குறைப்பையும் ஒரே குழுவிடம் கொடுக்காதீர்கள். இதில் நான் சமரசத்துக்கு இல்லை.

வெளியூர் அனுபவமும் நமக்கு உதவும், ஓரளவுக்கு. அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஆளை விட்டுவிட்டு இருக்கையை அளக்கிறார்கள். ஒன்பது அம்சங்களுக்குப் புள்ளியிட்டுப் படிநிலை தீர்மானிக்கும் முறையும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1969லேயே, கடமையையும் பொறுப்பையும் மதிப்பிட்டு எல்லாப் பதவிகளையும் 20 முதல் 25 படிகளுக்குள் அடக்கலாம் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 2020 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த கர்மயோகித் திட்டமும் ஒவ்வொரு பதவிக்கும் பங்கு, செயல்பாடு, திறன் என்று பிரித்து எழுதச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் எழுதுகிறவர் தலைமைச் செயலகத்திலோ ஆலோசனை நிறுவனத்திலோ உட்கார்ந்திருந்தால், நிலை 8 ஊழியரின் நாள் அவர் தாளில் ஏறாது.

எனவே இந்த இரண்டு நாளில் பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். ஒரு வட்டாட்சியர் அலுவலகம், அதன் கீழ் ஒரு குறுவட்டம், இவ்வளவு போதும். அங்கே ஒவ்வொரு சீட்டிலும் இருப்பவரே ஒரு பசலி முழுவதும் தன் வேலையை எழுத வேண்டும், கிராம உதவியாளர் உட்பட. சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவரை வகைப்பாடு பாதி ஊழியராகவே பார்க்கிறது. வேலை அப்படிப் பார்ப்பதில்லை. எழுதும் படிவம் எப்படி இருக்க வேண்டும், யார் சரிபார்ப்பது, சங்கங்களின் கையெழுத்து எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பவற்றை மட்டும் இந்த அவை முடிவு செய்தால் போதும். படிவத்தின் வரைவு உங்கள் கோப்புறையில் இருக்கிறது. அதில் ‘ஏனைய பணிகள்’ என்ற கட்டத்தை நான்தான் எடுக்கச் சொன்னேன். வேண்டும் என்பவர்கள் பிற்பகல் அமர்வில் வாதாடலாம். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.