1936 ஜூலை 30: பாரிஸில் ஒப்பந்தம், புதுச்சேரியில் துப்பாக்கி

(ஹைதராபாத்தில் தமிழறிந்த தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரெஞ்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்த வரலாறு குறித்துப் பேசப் பணிக்கப்பட்டுள்ளேன். மொழிபெயர்ப்பாளன் ஆதலால் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். வேலைநிறுத்தத்தைப் பிரெஞ்சில் 'கிரேவ்' என்பர். மணற்கரை என்பது அதன் பழம்பொருள். சேன் ஆற்றங்கரையில் அப்பெயருடைய சதுக்கம் ஒன்றில் வேலை தேடுவோர் கூடி நிற்பர். இந்நகரின் அட்டாக்களில் விடியற்காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் காத்து நிற்பதைக் காண்கிறோமே, அத்தகைய இடம். வேலைக்காக நிற்றலைக் குறித்த சொல்லே பின்னாளில் வேலை மறுத்து நிற்றலைக் குறிக்கலாயிற்று.

மன்னராட்சியை வீழ்த்திய புரட்சியே 1791இல் லெ ஷப்பலியே சட்டத்தால் தொழிலாளர் கூட்டு சேர்வதைத் தடை செய்தது. வேலைநிறுத்தம் 1864 வரை குற்றம். சங்கம் அமைக்கும் உரிமை 1884இல்தான் கிடைத்தது. இடையில் 1831இல் லியோன் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சில நாட்கள் அந்நகரையே தம் கையில் வைத்திருந்தனர். 1891 மே தினத்தன்று ஃபூர்மி என்னும் ஆலை நகரில் எட்டு மணி நேர வேலைநாள் கோரியவர்கள்மீது ராணுவம் சுட்டதில் ஒன்பது பேர் மாண்டனர்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி வென்றது. தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடினர். ஜூன் 7 அன்று மாத்தின்யோன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வாரம் 40 மணி நேர வேலையும் இரு வாரச் சம்பள விடுப்பும் சட்டமாயின. ஆனால் அதே மூவண்ணக் கொடி பறந்த புதுச்சேரியில் சவானா, ரோடியர், கப்ளே ஆகிய பஞ்சாலைகளின் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமைகூட இல்லை. 1884ஆம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரியை எட்டவில்லை! தோழர் வ.சுப்பையா 1934இல் தொடங்கிய 'சுதந்திரம்' ஏடும், 1935இல் சவானா தொழிலாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தமும் களத்தைப் பண்படுத்தியிருந்தன. எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, சங்க உரிமை ஆகியவற்றைக் கோரி ஆலைத் தொழிலாளர்கள் போராடினர். ஜூலை 30 அன்று ஆயுதப் படை சவானா மில் தொழிலாளர்களைச் சுட்டது. பன்னிருவர் உயிர் ஈந்தனர்.

ஒப்பந்தத்திற்கும் துப்பாக்கிச் சூட்டிற்கும் இடையே எட்டு வாரங்கூட இல்லை. பாரிஸில் பிரதமர் லெயோன் புளூம் சோஷலிஸ்ட். காலனி அமைச்சர் மூத்தேவும் சோஷலிஸ்ட். பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் அவ்வரசை வெளியிலிருந்து ஆதரித்தனர். இதனை நாம் மழுப்புதல் கூடாது. ஆளுநர் சோலோமியாக் ஒருவரின் கொடுமை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. காலனியின் கூலி மலிவாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் மேல் கைவைக்கத் தாய்நாட்டு முற்போக்கினர் தயங்கினர் என்பதே என் கணிப்பு.

அவ்வேற்பாட்டை அசைத்தது புதுச்சேரியின் குருதிதான். அவ்வாண்டு அக்டோபரில் ஜவஹர்லால் நேரு புதுச்சேரி வந்தார். மறு ஆண்டு சுப்பையா பாரிஸ் சென்று வாதாடினார். 1937 ஏப்ரல் 6 ஆணை எட்டு மணி நேர வேலைநாளையும் சங்க உரிமையையும் ஏற்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைத் தொழிலாளர்கள் வாரம் 48 மணி நேர வேலைச் சட்டத்திற்காக மேலும் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.

இன்று 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. அதன் வரையறையைத் தமிழாக்கியபோது நான் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: தொழிலாளர்களுள் பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமாம். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளி போராடி விடுப்பைப் பெற்றான். இங்கோ, சேர்ந்து விடுப்பெடுப்பதே தண்டனைக்கு வழியாகிறது. கிளைக் கூட்டங்களில் அந்த வரையறையை உரக்கப் படித்துக் காட்டுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.