பதிவேட்டுக்குள் ஓர் ஊர்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் கிராமப் பள்ளிகளில் பல நூற்றாண்டை நெருங்குகின்றன, சில கடந்தும்விட்டன. விழா என்றதும் அழைப்பிதழும் மேடையும் தயாராகிவிடுகின்றன. ஆனால், "நம்ம பள்ளிக்கூடம் எப்படி வந்தது?" என்று ஒரு குழந்தை கேட்டால், தொடங்கிய ஆண்டைத் தவிர நம்மிடம் பதில் இருப்பதில்லை. பதில் பள்ளியிலேயே, பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. பழைய சேர்க்கைப் பதிவேட்டைத்தான் சொல்கிறேன்.

ஊருக்கொரு பள்ளி என்பது நமக்குப் புதிதல்ல. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 கல்விக்கூடங்கள், ஏறத்தாழ 1,88,000 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. மணலில் எழுதி, ஓலையில் படித்து, சட்டாம்பிள்ளைக்குப் பயந்து வளர்ந்த திண்ணைப் பள்ளி மாணவர்கள் அதில் அடக்கம். ஆனால் திண்ணை என்றால் அது ஒருவருடைய வீட்டுத் திண்ணை. யார் வீட்டுப் பிள்ளை அதில் ஏறலாம் என்ற கேள்வி எப்போதும் இருந்தது. பெண் குழந்தைகள் மிகக் குறைவு. தீண்டாமைக்கு ஆளானவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

அந்தக் கதவு உங்கள் ஊரில் எப்போது திறந்தது? பதிவேட்டைப் புரட்டுங்கள். முதல் பெண் குழந்தையின் பெயர் எந்த ஆண்டில் வருகிறது? காலனிப் பிள்ளைகள் எப்போது சேர்ந்தார்கள்? எந்த வகுப்போடு நின்றார்கள்? 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. அந்த ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் சேர்க்கையை எண்ணிப் பாருங்கள். பாடநூலில் ஒரு வரியாக உள்ள செய்தி, உங்கள் ஊரில் எத்தனை குழந்தைகளைத் தொட்டது என்று தெரியும்.

அடுத்து, கட்டடத்தைப் பாருங்கள். 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இயக்கம் அது. ஊர்மக்கள் நிலம் தந்தார்கள். கட்டடம், பெஞ்சு, கடிகாரம், சீருடை தந்தார்கள். பழைய மேசையின் ஓரத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும் பெயரைத் துடைத்துவிடாதீர்கள். அது வெறும் பெயர் இல்லை, அந்தக் குடும்பம் பள்ளிக்குக் கொடுத்த பங்கு. அதோடு, பெயர் எழுதப்படாமல் மண் சுமந்தவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

இதை மாணவர்களோடு சேர்ந்து செய்யலாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் நான்கு கேள்விகள் கேட்டு வரட்டும்: எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? யார் ஆசிரியர்? மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? ஏன் நின்றீர்கள்? தொடக்கப் பள்ளியில் அதே கேள்விகளைக் குழந்தைகள் வாய்மொழியாகக் கேட்டு வந்து சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. எண்ணிக்கையை மட்டும் ஆசிரியர் எடுத்துத் தர வேண்டும். முன்னோரின் சாதியைச் சொல்லிக் காட்ட அது கருவியாகிவிடக் கூடாது.

இன்று பல கிராமப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. தன் பாட்டி முதன்முதலாக எழுத்துக் கற்ற இடம் இது என்று தெரிந்த ஊர், அந்தப் பள்ளியை எளிதில் விட்டுக்கொடுக்காது. அதைத் தெரியப்படுத்தும் சான்று நம் பீரோவில் இருக்கிறது. கரையானுக்கு முன்னால் நாம் அதைத் திறந்துவிட வேண்டும்.