உறைகட்டியின் இயல்பும் பக்கவாத சிகிச்சையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பக்கவாதம் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளார்கள். நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும் நம் மஹல்லாவில் எவருக்கேனும் வாய் கோணினால், கை விழுந்தால், ஓதிப் பார்க்க வருமாறு முதலில் எனக்கே ஆள் வருகிறது. ஆகவே இதைப் பேசும் பொறுப்பு எனக்கு உண்டு.

பக்கவாதம் இருவகைப்படும். மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. அது வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பினால் வரும் வாதத்தில், ஒரே மருந்தை ஏற்ற இருவருள் ஒருவர் எழுந்து நடக்கிறார்; மற்றவர் படுக்கையிலேயே கிடக்கிறார். இதற்குரிய காரணங்களுள் ஒன்று, அடைத்த கட்டி எதனால் ஆனது என்பதாகும்.

வலையை அறியாதவர் இக்கடற்கரையில் இலர். இரத்தம் உறையும்போது பைப்ரின் என்னும் புரத இழைகள் பின்னி வலையாகின்றன. அவ்வலையில் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் சிக்கிக்கொள்கின்றன. சிவப்பணுக்கள் மிகுந்தால் கட்டி சிவந்து, மென்மையாக இருக்கும். பைப்ரினும் தட்டணுக்களும் மிகுந்தால் அது வெளிறி, முறுக்கேறிய தாம்புக் கயிறு போல் இறுகியிருக்கும். பெரும்பாலான கட்டிகளில் இரண்டும் கலந்தே உள்ளன.

கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்னும் மருந்தின் பயனை 1995-ல் வெளியான ஆய்வு நிலைநாட்டியது. அன்று 3 மணி நேரமாக இருந்த வரம்பு, 2008-ல் வெளியான ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமாக நீண்டது. டெனெக்டிபிளேஸ் என்னும் மருந்தும் இன்று பயன்படுகிறது. இம்மருந்துகள் பைப்ரின் இழைகள் அறுபட வழி செய்கின்றன. சிவப்பணுக்கள் மிகுந்த தளர்ந்த கட்டிக்குள் மருந்து எளிதில் ஊடுருவும். இழைகள் நெருங்கிய கட்டியிலோ அது மேற்பரப்போடு நின்றுவிடக்கூடும். வெள்ளணுக்கள் சில தம் மரபணு இழைகளையே வலையாக வீசிக் கட்டியை வலுப்படுத்துவதும் உண்டு. அவ்விழைகளை இம்மருந்துகள் அறுப்பதில்லை.

2015-ல் வெளியான ஐந்து ஆய்வுகளுக்குப் பின், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பெரிய குழாய்களின் கட்டியை வெளியே இழுக்கும் முறை உலகெங்கும் பரவியது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது பயன் தரும் என்பது 2018-ல் தெளிவாயிற்று. இங்கும் கட்டியின் இயல்பே குறுக்கே நிற்கிறது. இறுகிய கட்டி குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்வதால் பலமுறை இழுக்க நேர்கிறது. மென்மையான கட்டி எளிதில் வந்தாலும் துண்டாகிச் சிதற வாய்ப்புண்டு. முதல் இழுப்பிலேயே குழாய் திறந்தவர்கள் நன்கு தேறுகின்றனர் என்று ஆய்வுகள் கூறுகின்றன. வெளியே எடுத்த கட்டிகளை அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிறுவனமும் சேகரித்து ஆராய்ந்துள்ளன. கட்டியைச் சுழற்றிச் சுருக்கி எடுக்கும் ஒரு கருவியை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2025-ல் அறிவித்தனர்.

சகோதரர்களே! கட்டியின் இயல்பைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை. ஆனால் நேரம் செல்லச் செல்ல அது சுருங்கி இறுகுகிறது. தாமதமோ நம் கையில் உள்ளது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடந்தோறும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006-ல் கணக்கிட்டனர். எண்ணெய் தடவித் தேய்ப்பதற்கும், என் வரவை எதிர்பார்த்து அமர்ந்திருப்பதற்கும் அந்த நிமிடங்களைச் செலவிடலாமா? துஆவை ஆம்புலன்ஸ் புறப்பட்ட பின்னும் கேட்கலாம். தூரம் அதற்குத் தடையன்று.

வாய் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். நம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் காட்டும். எனவே வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்; கசிவாக இருந்தால் அது கேடாக முடியும். ஓதிய நீரையோ தேனையோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். இதை இமாமாகிய நானே சொல்கிறேன்.

கடைசியாக நலமுடன் இருந்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிகாரம் பார்க்காவிட்டாலும் நமக்குத் தொழுகை வேளைகள் உள்ளன. பஜ்ருக்கு எழுப்பச் சென்றபோது கை விழுந்திருந்தால், பஜ்ரிலிருந்து கணக்கிடாதீர்கள். இஷாவுக்குப் பின் நன்றாகப் பேசினார் என்றால் அந்நேரத்தையே சொல்லுங்கள். சிகிச்சையை முடிவு செய்ய மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.

தேறியவர்களுக்கும் ஒரு சொல். ஒருவருக்குக் கட்டி கழுத்துத் தமனியிலிருந்து வந்திருக்கும். மற்றொருவருக்குத் துடிப்பு ஒழுங்கற்ற இருதயத்திலிருந்து வந்திருக்கும். இருவருக்கும் மாத்திரை வேறு. அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குவதும், நலமாகிவிட்டது என்று நாமே நிறுத்துவதும் ஆபத்தானவை. கைகால் பயிற்சியையும் மாதக்கணக்கில் பொறுமையோடு தொடர வேண்டும்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.