மாணவரும் மாதக் கணக்கும்



கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களில் சிலர் வானொலியை நிறுத்திவிட எண்ணக்கூடும். பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமை ஆசிரியனாகவும் இருந்தவன் நான். அந்த எண்ணத்தை மாணவர் முகத்திலேயே படித்துப் பழகியவன். அஞ்ச வேண்டா. இன்று நான் பேச வந்தது இயற்கணிதம் அன்று. மாதம் பிறந்ததும் வீட்டிலிருந்து உங்கள் கைக்கு வரும் பணத்தைப் பற்றியே.

1978ஆம் ஆண்டு நான் கல்லூரியிற் சேர்ந்து விடுதியில் தங்கினேன். என் தந்தையார் சிறு குடியானவர். மாதந்தோறும் அவரிடமிருந்து மணியார்டர் வரும். அவ்வாண்டு நவம்பரில் நண்பர்களோடு சிற்றுண்டிச் சாலையிலும் திரைப்படக் கொட்டகையிலும் செலவிட்டுவிட்டு, விடுதிக் கட்டணம் செலுத்த வகையின்றி நின்றேன். புத்தகம் வாங்க 40 ரூபாய் வேண்டும் என்று வீட்டுக்குப் பொய் எழுதினேன். பணம் வந்தது. பொங்கலுக்கு ஊர் சென்றபோது, ஆண்டுதோறும் முற்றத்தில் பொங்கும் வெண்கலப் பானையைக் காணவில்லை. “பானை எங்கே அம்மா?” என்றேன். “உன் புத்தகத்துக்குப் போயிருக்கிறது, வந்துவிடும்” என்றார் அன்னையார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த 40 ரூபாயும் எதில் எதிற் சென்றது என்று நினைத்துப் பார்த்தேன். 11 ரூபாய்க்கு மேல் என்னாற் கணக்குச் சொல்ல இயலவில்லை. பொய் சொன்னதைவிட, அதுவே என்னை மிகவும் நாணச் செய்தது.

அந்த நாட்களில்தான் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தேன். 1888ஆம் ஆண்டு, 19 வயது நிரம்பும் தறுவாயில், சட்டம் பயில இலண்டன் சென்றவர் அவர். அவருக்குப் பணம் அனுப்பியவர் தமையனார். தொடக்கத்தில் அவரும் நம்மைப் போன்றவரே. ஆங்கில நாகரிகக் கனவானாக விளங்க வேண்டும் என்ற ஆசையால் 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார், பாண்டுத் தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை உடை தைத்துக்கொண்டார், நடனம் கற்கப் பணம் கட்டினார், பிடிலும் வாங்கினார். தாளத்துக்குக் கால் வரவில்லை. சில மாதங்களில் அம்மயக்கம் தெளிந்தது, பிடிலும் விலைபோயிற்று.

இக்கதையைச் சொல்வோர் பலர், அவர் மயக்கம் தெளிந்த பிறகு கணக்கெழுதத் தொடங்கினார் என்பர். அது சரியன்று. தொப்பி வாங்கிய நாளிலும் அவர் கணக்கெழுதினார். வண்டிச் சத்தம், அஞ்சற் செலவு, செய்தித்தாளுக்குக் கொடுத்த இரண்டொரு காசு ஆகிய யாவற்றையும் குறித்து, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். கணக்கு அவருடைய ஆசையைத் தடுக்கவில்லை; ஆயின் பிறகு பார்க்கும்போது மறைக்கவும் இல்லை. செலவைப் பாதியாக்க அவர் முனைந்தபோது, எங்கே வெட்டுவது என்று காட்டியது அந்த ஏடே. ஒரு குடும்பத்தோடு தங்கி வாரந்தோறும் உணவுக்குப் பணம் கட்டி வந்தார். வெளியே உண்ட நாளுக்கு அதில் கழிவு இல்லை. ஒரே வேளை உணவுக்கு இருமுறை பணம்! அவர் அவ்வில்லத்தை விட்டுத் தனி அறைகளுக்கு மாறினார். வேலை உள்ள இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லும்படி அறைகளைத் தேர்ந்தார். வண்டிச் சத்தம் மிஞ்சியது. நடையால் உடல்நலமும் வாய்த்தது. பின்னர் ஓர் அறையே போதும் என்று ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் வாழ்க்கை நடந்தது. இத்தனைக்கும் அவரை உந்தியது சிக்கனம் என்னும் கொள்கை மட்டும் அன்று; கேட்கும்போதெல்லாம் மறுக்காமல் பணம் அனுப்பிய தமையனாரின் நெருக்கடி அவர் நெஞ்சை உறுத்தியது.

அவரைப்போல் கஞ்சி குடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வளரும் வயதில் வயிற்றைக் குறைப்பது சிக்கனமும் ஆகாது. ஆனால் விடுதியில் உணவுக்குப் பணம் கட்டிவிட்டு, சுவையில்லை என்று வெளியே உண்ணும் நண்பர்களே, அந்த இலண்டன் விடுதிக் கணக்கு உங்களுக்கும் உரியதுதான். மாதத்தில் எத்தனை வேளை அவ்வாறு இருமுறை பணம் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் நாளில் சட்டைப்பை இலேசானால் கை தயங்கும். 2016இல் யு.பி.ஐ. வந்தபின் அந்தத் தயக்கமும் குறைந்துவிட்டது. கைப்பேசியே கணக்கு வைத்திருக்கிறதே என்பீர்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பதை அது சொல்லும். எதற்காகக் கொடுத்தோம் என்பதைச் சொல்லாது. தேநீர்க் கடைக்காரர் பெயரில் 120 ரூபாய் என்று இருந்தால், அது உங்கள் பசியா, நண்பர் நால்வர்முன் நீங்கள் காட்டிய தாராளமா என்பதை நீங்கள்தாம் எழுத வேண்டும். ஆகவே குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடிட்டு, காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள். பணம் வந்த அன்றே விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஊர் திரும்பும் பயணச் செலவு ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். எஞ்சியதை நான்கு வாரத்துக்குப் பங்கிடுங்கள்; முதல் வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வையுங்கள், ஏனெனில் ஆசைகள் முதல் வாரத்தில்தான் மிகுதி.

கல்விக் கடன் பெற்றோருக்கு ஒரு சொல். படிப்பு முடிந்து, பெரும்பாலும் ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பதால், வட்டியும் அதுவரை உறங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பொதுவாகப் பணம் வழங்கப்பெற்ற நாளிலிருந்தே வட்டி கணக்காகிறது. வட்டி மானியம் உங்களுக்கு உண்டா என்பதை வங்கியிற் கேட்டு அறியுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டா.

என் கதையை முடிக்கவில்லை. 1983 ஜூலையில் ஆசிரியனாகி முதற் சம்பளம் பெற்றேன். பானையை ஈடாக வைத்துக்கொண்டிருந்த பெரியவர் வீட்டுக்குத் தந்தையாரோடு சென்றேன். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. அசல் 40, வட்டி 44 ரூபாய் 80 காசு. பானையைத் தலையில் வைத்து நானே சுமந்து வந்தேன். அன்றிரவு என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். 1979 பொங்கலுக்குப் பின் தொடங்கிய ஏடு அது. முதற் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் ‘1978 நவம்பர்’ என்று தலைப்பிட்டு, 84 ரூபாய் 80 காசு என்று எழுதி, காரணப் பத்தியில் ‘சிற்றுண்டி, திரைப்படம்’ என்று குறித்தேன்.