டேப் வாங்கிக் கொடுத்தா கணக்கு வருமா?

இன்னிக்கு எபிசோடு எங்க அக்கா கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. அவ பையன் ஏழாவது படிக்கிறான், கணக்குல ஃபெயில். போன் பண்ணி, "டேய் தம்பி, நீ தான் சாஃப்ட்வேர்காரன் ஆச்சே. இவனுக்கு ஒரு டேப் வாங்கி, ஏதாவது ஆப் போட்டுக் கொடுத்தா கணக்கு வந்துடுமா?"ன்னு கேட்டா.

என்னால உடனே பதில் சொல்ல முடியல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. காலேஜ் முடிச்சதும் நான் முதல்ல சேர்ந்தது ஒரு எட்டெக் கம்பெனியில. பேர் வேண்டாம். அங்க என் வேலை டாஷ்போர்டு. ஒரு குழந்தை ஆப்ல எத்தனை நிமிஷம் இருக்குன்னு காட்டணும். அந்த நம்பர் ஏறினா மீட்டிங்ல கைதட்டுவாங்க. அந்தக் குழந்தை என்ன கத்துக்கிச்சுன்னு காட்ட நான் ஒரு காலம் கூட போட்டதில்ல. யாரும் கேட்கவும் இல்ல.

அதனால இந்தத் தடவை ஆராய்ச்சிகளைத் தேடி உட்கார்ந்து படிச்சேன். மூணு கதை சொல்றேன்.

முதல் கதை பெரு நாட்டுல. 2005-ல எம்ஐடி மீடியா லேபைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலர் லேப்டாப்னு ஒரு திட்டத்தை அறிவிச்சார். 'ஒன் லேப்டாப் பெர் சைல்ட்' அது தான். பெரு அரசு லட்சக்கணக்குல வாங்கிக் கொடுத்துச்சு. கிராமப்புறத்துல 319 ஆரம்பப் பள்ளிகளை எடுத்து, லேப்டாப் கிடைச்ச பள்ளி, கிடைக்காத பள்ளின்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2012-ல ரிசல்ட் வந்துச்சு. பசங்க கம்ப்யூட்டரை நல்லா பயன்படுத்துறாங்க, பொதுவான யோசிக்கிற திறன்ல கூட கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு. ஆனா கணக்குலயும் மொழியிலயும் மார்க் ஏறவே இல்ல. பெட்டி கைக்கு வந்துச்சு, வகுப்புல பாடம் நடத்துற விதம் அப்படியே இருந்துச்சு.

ரெண்டாவது குஜராத். லீ லிண்டன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் செஞ்சது. கணக்குக்கான ஒரே சாஃப்ட்வேரை ரெண்டு விதமா கொடுத்தாங்க. ஒரு பக்கம் டீச்சர் வகுப்பு எடுக்கிற நேரத்துலயே பசங்களைக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சாங்க. இன்னொரு பக்கம் ஸ்கூல் நேரம் போக, கூடுதலா கொடுத்தாங்க. கூடுதலா கொடுத்த இடத்துல பசங்க முன்னேறினாங்க. டீச்சர் நேரத்தை எடுத்துக்கிட்ட இடத்துல, கம்ப்யூட்டரே பார்க்காத பசங்களை விடக் கம்மியா கத்துக்கிட்டாங்க! கோடு ஒரு வரி கூட மாறல. டீச்சருக்குப் பதிலா வந்துச்சா, டீச்சரோட சேர்ந்து வந்துச்சாங்கிறது மட்டும் தான் மாறுச்சு.

மூணாவது டெல்லி. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன், இந்த மூணு பேர் செஞ்ச ஆய்வு, 2019-ல வெளியாச்சு. 619 பசங்க. குலுக்கல்ல பேர் வந்தவங்களுக்கு 'மைண்ட்ஸ்பார்க்' சென்டர்ல இலவச இடம். தினமும் 90 நிமிஷம். அதுல பாதி நேரம் சாஃப்ட்வேர், பாதி நேரம் ஒரு ஆசிரியரோட சின்ன குரூப். சாஃப்ட்வேர் முதல்ல ஒரு டெஸ்ட் வச்சு, பையன் உண்மையில எந்த லெவல்ல இருக்கான்னு கண்டுபிடிச்சு, அங்கிருந்து ஆரம்பிக்கும். நாலரை மாசத்துல, குலுக்கல்ல பேர் வராதவங்களோட ஒப்பிட்டா கணக்குல முன்னேற்றம் ரெண்டு மடங்கு.

ஆனா என்னை உலுக்கினது வேற. ஆறாவது படிக்கிற பசங்க கணக்குல சராசரியா ரெண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தாங்க. குலுக்கல்ல பேர் வராத பசங்கள்ல கடைசி மூணுல ஒரு பங்கு அந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட எதுவுமே கத்துக்கல. தினமும் ஸ்கூல் நடந்துச்சு. போர்டுல ஓடின பாடம் அவங்க தலைக்கு மேல போயிடுச்சு.

ஒண்ணு கவனிங்க. சென்டர்ல அவ்வளவு முன்னேறியும் ஸ்கூல் கணக்குப் பரீட்சையில பெரிய வித்தியாசம் தெரியல. பையன் நாலாவது பாடத்தைக் கத்துக்கிட்டு மேல ஏறிட்டு இருக்கான். கேள்வித்தாள் ஏழாவதுக்கு. ரிப்போர்ட் கார்டை மட்டும் பார்த்திருந்தா அவனை 'மக்கு'ன்னே முடிவு பண்ணியிருப்போம்.

இதைப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழாவது புத்தகத்தை மூடி வச்சிட்டு, மூணாவது கணக்குல இருந்து ஒண்ணொண்ணா கொடுத்தேன். பெருக்கல் ஓகே. வகுத்தல்ல மீதி வந்ததும் நின்னுட்டான். "மாமா, இது எனக்கு அப்பவே புரியல"ன்னான். மூணு வருஷமா அவன் அங்கேயே நின்னுட்டு இருக்கான், எங்க யாருக்கும் தெரியல.

டேப் இன்னும் வாங்கல. வாங்கக் கூடாதுன்னு இல்ல. இப்போதைக்கு ராத்திரி 8 மணிக்கு வீடியோ கால்ல 20 நிமிஷம், நானும் அவனும் வகுத்தல் போடுறோம். அவன் நிக்கிற இடத்துல இருந்து ஆரம்பிக்கிற ஆப் கிடைச்சா, அதையும் சேர்த்துக்குவோம்.

இதைக் கேட்கிற உங்கள்ல பல பேர் ஆப் செய்யுறவங்க. உங்க டாஷ்போர்டுல 'நேத்து தெரியாதது இன்னிக்குத் தெரியுதா'ன்னு ஒரு காலம் இருக்கா? இல்லைன்னா நாளைக்குப் போய் அதைச் சேருங்க. நான் அப்போ செய்யாம விட்டது அது தான்.